தாப்பா சாலையின் அடிவாரத்தில் நான்கு வாசல்கள்

தேயிலை மலை மக்கள் வரலாறு: பகுதி 17

போ தோட்டத்தின் தொடக்க ஆண்டுகளைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர் கேமரன் மலையில் நிலம் பெற்றார். இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ.பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு காடழித்தார். மரம் வெட்டியவர்களிலும் கன்று நட்டவர்களிலும் பின்னர் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தட்டிய ஒரு கதவைப் பற்றி இந்தப் பகுதி பேசுகிறது. மலேசிய அரசுப் பல்கலைக்கழகத்தின் கதவு அது.

அதற்கு முன் அந்த மலைச்சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரன் மலை பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் மலையை எட்டிய முதல் மோட்டார் சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஏறியது. 1931இல் தானா ராத்தா வரை முடிந்த அந்தச் சாலை, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. அரிசி மூட்டையும் தபாலும் துரையின் காரும் புதிதாக வந்த தொழிலாளர் குடும்பங்களும் அவ்வழியாகத்தான் மேலே போயின. சொந்த மாநிலத்து நகரமான குவாலா லிப்பிஸ், காட்டுக்கும் மலைத்தொடருக்கும் அப்பால் கிடந்தது. ஆகவே போ தோட்டத்திலோ சுங்கை பாலாஸிலோ புளுவேலியிலோ பிறந்த பிள்ளை மேற்படிப்புக்கென்று கிளம்பினால், அது பல பத்தாண்டுகளுக்குப் பஹாங்கை விட்டுப் பேராக்கில் இறங்குவதாகவே இருந்தது.

படிப்புக்கு அந்த மலை ஏற்ற இடந்தான். வெள்ளைக்காரர்கள் அதை முன்பே கண்டுகொண்டார்கள். சிங்கப்பூரில் டாங்ளின் பள்ளியை நிறுவிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார் 1934இல் கேமரன் மலையில் விடுதிப்பள்ளி ஒன்றைத் திறந்தார். போருக்குப் பிறகு, பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1951இல் ஸ்லிம் பள்ளி வந்தது. தளபதி வில்லியம் ஸ்லிமின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளி 1964இல் மூடப்பட்டது. மறு ஆண்டே, வியட்நாம் போருக்கு அஞ்சி இடம் பெயர்ந்த அமெரிக்க மிஷனரிகளின் டலாட் பள்ளி அங்கே குடியேறி 1971 வரை நடந்தது. குளிர்ந்த காற்று, நல்ல கட்டடம், தங்கும் விடுதி, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எல்லாம் மலைமேல் இருந்தன. அங்கே படித்த பிள்ளைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்லூரிக்குப் போவதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

அதே மலைச்சரிவில் தோட்டப்பள்ளியும் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் அவர்களுக்குப் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பல தோட்டங்களில் கொட்டகை போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ வாத்தியாராகவும் இருந்தார். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடநூல்களை வைத்துக் கற்பித்தார்கள். அந்தப் பள்ளிக்கு அடுத்த படி என்று ஒன்று யாருடைய திட்டத்திலும் இல்லை. ஆரம்பப்பள்ளி முடிந்தால் பிள்ளை கூடையைத் தோளில் மாட்டவேண்டும். நிர்வாகம் கணக்குப் போட்டு வைத்தது அவ்வளவுதான்.

1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1905இல் தொடங்கிய சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியும் 1928இல் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் அதில் இணைந்தன. ஆங்கிலப் பள்ளியில் படித்த நகரத்துப் பிள்ளைகளுக்கான இடமாகவே அது தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத் தமிழருக்கும் முதல் உறவு ஏற்பட்ட விதம் இன்னும் போதிய அளவில் சொல்லப்படாத கதை.

1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழி முதலிடம் பெறும் என்று பெரிய வாதம் எழுந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியின் பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார், கூட்டம் போட்டார். இந்த நாட்டில் உள்ள இந்தியரில் மிகப் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழ். துறையின் அடிப்படையும் தமிழாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். வணிகர்கள் தந்தார்கள். துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் சிறு சிறு தொகைகளாகத் தந்தார்கள். 1956இல் துறை தமிழை மையமாகக் கொண்டு தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961இல் தனிநாயக அடிகள் வந்து பொறுப்பேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அந்த வளாகத்தில்தான் நடந்தது.

நாள்கூலியில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த தொழிலாளியின் பிள்ளைக்கு அப்போது இடைநிலைப்பள்ளியே எட்டாத தூரத்தில் இருந்தது. ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு நின்று பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியது. தன் பிள்ளை காலடி வைக்கப்போவதில்லை என்று தெரிந்தும், தன் மொழி அந்த மண்டபத்துக்குள் இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள் அவர்கள். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் இந்த ஒரு செய்தி என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

இனி ஒரு சிறிய ஆண்டுக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பகுதியின் சாரம் அதில்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வை அரசு நீக்கியது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் படிவம் மூன்று வரை படிக்கலாம் என்று வழி திறந்தது. சுதந்திர மலேசியாவின் கல்விச் சாதனைகளில் இதை மிக உயர்ந்ததாகவே நான் கருதுகிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்கள் மொழி பழகுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க வேண்டும். 1952இல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். 1959இல் முதலாம் வகுப்பு. 1964இல் ஆறாம் வகுப்பு. 1965இல் புகுமுக வகுப்பு. தன் அண்ணனுக்கும் அக்காவுக்கும் கிடைக்காத படியில் அந்தப் பிள்ளை கால் வைக்கிறது. 1968இல் படிவம் மூன்று. அதன் முடிவில் வரும் தேர்வையும் தாண்டி 1969இல் நான்காம் படிவத்துக்குப் போகிறது. மே 13 இனக்கலவரம் அந்த ஆண்டில்தான். 1970இல் ஐந்தாம் படிவம். 1971இல் கீழ் ஆறாம் படிவம்; 1972இல் மேல் ஆறாம் படிவம். ஆக, எல்லோருக்கும் இடைநிலைக் கல்வி என்ற கொள்கையால் மேலே வந்த முதல் தோட்டத்துத் தலைமுறை பல்கலைக்கழக வாசலில் போய் நின்றிருக்கக்கூடிய ஆண்டு 1973.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வாசலின் விதி மாறிவிட்டது. 1971இல் கூடிய நாடாளுமன்றம் அரசமைப்பின் 153ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்தது. இடங்களைவிடத் தகுதியுள்ள மாணவர் அதிகம் இருக்கும் துறைகளில், பல்கலைக்கழகங்கள் மண்ணின் மைந்தர் எனப்படும் பூமிபுத்ராக்களுக்கு இடம் ஒதுக்க ஆணையிடும் அதிகாரம் மாமன்னருக்கு வந்தது. மலாயாப் பல்கலைக்கழக வளாக வாழ்வை ஆராய்ந்த மஜித் இஸ்மாயில் குழுவும், மாணவர் சேர்க்கை நாட்டின் இனவிகிதத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதே ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியது. மாணவர் அரசியலுக்குக் கடிவாளமிட்ட பல்கலைக்கழகச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

மலாய்க்காரர் பக்கத்து நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், மருத்துவ, அறிவியல் வகுப்புகளில் மலாய் மாணவர் மிகக் குறைவு. பஹாங் ஆற்றோரத்துக் கம்பத்திலும் கிளந்தான் வயற்காட்டிலும் பிறந்த பிள்ளைக்கும் ஆங்கிலப் பள்ளி எட்டாத தூரம்தான். அந்த அநீதியைச் சரிசெய்ய ஓர் அரசு முனைந்ததில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. என் வருத்தம் அது அளந்த அளவுகோலைப் பற்றியது. வறுமையை அளக்காமல் இனத்தை அளந்தார்கள். அந்தக் கணக்கில் கோலாலம்பூர் வழக்கறிஞரின் மகனும் ரிங்லெட்டில் கொழுந்து பறிப்பவரின் மகளும் 'இந்தியர்' என்ற ஒரே பட்டியலில் வந்தார்கள். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் நகரத்து இந்தியர் முன்பே நிறைய இருந்ததால், அந்தப் பட்டியலுக்கு இனிமேல் உதவி தேவையில்லை என்று தோன்றியது. அப்பட்டியலின் அடியில் தோட்டத்துப் பிள்ளை இருப்பது மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

சலுகை பெற்ற பட்டியலிலும் இதே கதைதான். கேமரன் மலையின் ஆதிக்குடிகளான செமாய் மக்களுக்கு ஒதுக்கீட்டின் கதவு திறந்தே இருந்தது. ஆனால் காட்டோரக் குடியிருப்பிலிருந்து ஆறாம் படிவம் வரை அவர்களைக் கூட்டிப் போகும் படி எதுவும் கட்டப்படாததால், அவர்களில் மிகச் சிலரே அந்தக் கதவைக் கண்டார்கள்.

இன்னொரு அடியும் அதே காலத்தில் விழுந்தது. குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 1969க்குப் பின் அது இறுக்கமாக அமலானபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேறியதாகக் கணக்கிடுகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் இருந்தன. திரும்பாதவர்கள் வீட்டிலோ, அப்பாவுக்கு வேலை போனால் மூத்த பிள்ளையின் படிப்பு நின்றது.

பிறகு வந்த இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன: 1969இல் பினாங்கு, 1970இல் தேசியப் பல்கலைக்கழகம், 1971இல் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகம். 1983க்குள் பல்கலைக்கழகப் பாடமொழி முழுதும் மலாய் ஆனது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தைவிட மலாய்மொழி அவர்கள் காதுக்குப் பழக்கமானது. இடம் கிடைக்காத நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பின. 1980 வாக்கில் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை ஏற்றியபோது அவர்களும் திணறினார்கள். தோட்டத்தில் கடவுச்சீட்டு எடுக்கவே வழியில்லை. அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தேயிலை ஆலையிலோ காய்கறித் தோட்டத்திலோ வேலை.

சமூகம் தனக்கென்று ஒரு வழி தேடியது. மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) 1984இல் கல்வி நிதியம் அமைத்தது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்த பிறகு, 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் கல்வி நிலையம் தொடங்கியது. 1997இல் அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். வந்தது. கடன் கிடைத்தது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் முழுக் கட்டணமும் மாணவர் தலையில் விழுகிறது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு தோழிகளில், அரசு இடம் கிடைத்தவள் சிறு கடனோடும் கிடைக்காதவள் பல ஆண்டுக் கடனோடும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கடன் கட்டாதவர் வெளிநாடு போக முடியாது என்ற தடைகூட 2018 வரை இருந்தது.

2002இல் இனவாரி ஒதுக்கீடு நீங்கித் தகுதி முறை வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் நடைமுறை எப்படி என்று பெற்றோர் பலருக்கு இன்றும் தெரியாது. பல்கலைக்கழகத்துக்குள் போக முக்கியமாக இரண்டு பாதைகள். ஒன்று எஸ்.டி.பி.எம். தேர்வு, ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் படித்து, நாடு முழுதுக்கும் பொதுவான கடினமான தேர்வை எழுத வேண்டும். மற்றது மெட்ரிகுலேஷன், விடுதியில் தங்கி ஓராண்டில் முடிப்பது. இரண்டின் மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைத்தார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களில் பத்து விழுக்காடு மட்டும் 2003 முதல் மற்ற இனத்தாருக்குத் திறந்தது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அரசு அறிவித்தது. 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கியபோதும் தொண்ணூறுக்குப் பத்து என்ற விகிதம் மாறவில்லை.

சேர்க்கைக் கணக்கில் நூற்றுக்குப் பத்து, புறப்பாட நடவடிக்கைகளுக்கு. கழகம், விளையாட்டு, சீருடை இயக்கம் ஆகியவை அதில் வரும். நகரத்தில் இது எளிது. மலையில் அவை நடப்பது மாலை நேரத்தில். பேருந்தோ வேனோ தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டால், மழையும் பனிமூட்டமும் இறங்கிய வளைவுப்பாதையில் ஒரு பெண்பிள்ளை எப்படி வீடு சேர்வாள்? அந்தப் பத்து மதிப்பெண்ணை அவள் எந்தத் தேர்வும் எழுதாமலே இழக்கிறாள்.

இப்போது தாப்பா சாலையின் அடிவாரத்துக்கு வருவோம். மலையிறங்கி நெடுஞ்சாலையைத் தொட்டால் நான்கு உயர்கல்வி வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது தாப்பாவிலேயே இருக்கிறது. அது யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக வளாகம். 1956இல் கிராமப்புற மலாய் இளைஞருக்கான பயிற்சி நிலையமாகத் தொடங்கி, 1967இல் மாரா தொழில்நுட்பக் கழகமாகி, 1999இல் பல்கலைக்கழகமானது. மாணவர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரியது. பூமிபுத்ராக்களுக்கு மட்டுமானது. தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைவழியில் மிக அருகில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. மலைமேலுள்ள செமாய்ப் பிள்ளை விண்ணப்பிக்கலாம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. அந்தப் பிள்ளையின் பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளையும் விண்ணப்பிக்கும் நாள் வர வேண்டும்.

இரண்டாவது, வடக்கே கம்பாரில் 2007இல் திறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம். மலேசிய சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) முயற்சியில் எழுந்த தனியார் நிறுவனம். எந்த இனத்தாரும் சேரலாம். கட்டணம் மற்ற தனியார் கல்லூரிகளைவிடக் குறைவென்றாலும், தோட்டக்கூலிக்குக் கடன் இல்லாமல் முடியாது. சீன சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய வாசலில் தமிழ்ப் பிள்ளைகளும் நுழைந்து பட்டம் பெற்று வருவதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, இன்னும் வடக்கே கோப்பெங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி. அதன் விகிதக் கணக்கை மேலே சொன்னேன்.

நான்காவது தெற்கே, தஞ்சோங் மாலிமில். 1922இல் மலாய்க் கிராமத்துப் பையன்களை ஆசிரியர்களாக்கத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமானது. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டப்படிப்பு உண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளை அங்கே படித்துத் தமிழ்ப்பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பலாம். சாரங்கபாணி நிதி திரட்டிய காலத்தில் தோட்டத் தொழிலாளி நினைத்துப் பார்த்திராத வழி இது. நான்கில் தோட்டத்துப் பிள்ளைக்கு மிக இயல்பாகப் பொருந்தும் வாசலும் இதுவே என்பேன்.

சொந்த மாநிலமான பஹாங்கிலும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2002இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் மலேசிய பஹாங் பல்கலைக்கழகம் ஆனது. அது கம்பாங்கிலும் பெக்கானிலும், மாநிலத்தின் மறுகோடியில், தென்சீனக் கடல் பக்கம் இருக்கிறது.

நாட்டில் இன்று இருபது அரசுப் பல்கலைக்கழகங்கள். 2016, 2017 வரவுசெலவுத் திட்டங்களில் அவற்றின் மானியம் கடுமையாக வெட்டப்பட்டது. வளர்ச்சி என்று பெருமைப்படும் நாடு சிக்கனத்தை அங்கே காட்டும்போது, முதலில் அடிபடுவது கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைதான்.

2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பைச் செய்தார்: ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவருக்கும், இனம் பாராமல், மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் பத்து ஏ எடுக்க முதலில் பத்துப் பாடம் எழுத வேண்டும். பத்துப் பாடம் மட்டுமே எழுதலாம் என்று 2009இல் வரம்பு கட்டியபோது, தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் காப்பாற்ற நம் சமூகம் போராடி, பன்னிரண்டு வரை எழுத அனுமதி பெற்றது. அனுமதி கிடைத்தது, ஆசிரியர் கிடைத்தாரா? கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும், பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் தமிழ் இலக்கியத்துக்கும், மலைச்சாலை ஏறி வந்து தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் போதுமான அளவில் இருக்க வேண்டும். எட்டு ஏ எடுத்துவிட்டு ஒன்பதாவதும் பத்தாவதும் கற்பிக்க ஆளில்லாமல் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பில் இடம் இல்லை. மலைப் பள்ளிகளுக்கு அந்த ஆசிரியர்களைக் கொண்டுவருவது கல்வி அமைச்சின் கையில் இருக்கிறது.

(தொடரும்)